களை பறிப்பவன் பயிர் அறிக!

(கோடைக்கானலில் தமிழன்பர் கூடிய அரங்கில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பழனிமலைத் தொடரின் மேல், ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில், குறிஞ்சி பூக்கும் இம்மண்ணிற் கூடியிருக்கும் அரங்கில் குப்பையைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். ஆயின், பிறர் குப்பை தன் தலைமேற் கொட்டப்படுவது எத்துணைக் கொடுமை என்பதைக் கோடைக்கானலைப் போல் அறிந்த ஊர் தமிழகத்தில் அரிது.

இவ்வூரில் வெப்பமானி செய்யும் தொழிலகம் ஒன்று இயங்கி வந்தது. அமெரிக்க மண்ணிலிருந்து பெயர்த்துக் கொணரப்பட்ட தொழிலகம் அது. பின்னர் இந்துசுத்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. இதள் எனப்படும் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல் பகுதியிலுள்ள பழம்பொருட் கடையிற் கிடந்ததை 2001-ஆம் ஆண்டில் மக்கள் கண்டு வெளிப்படுத்தினர். தொழிலகம் அவ்வாண்டே மூடப்பட்டது. 2003-இல் ஏறத்தாழ 290 டன் கழிவு தூத்துக்குடி வழியாகக் கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிச் சென்றது. அத்தொழிலகத்தில் உழைத்த 591 பேர்க்கான இழப்பீட்டு உடன்பாடு 2016-இல்தான் வந்தது. கழிவை உண்டாக்கியவர் ஒருவர். அதைச் சுமந்தவர் வேறொருவர். ஆயினும், 'எம் மண்ணிற் கொட்டாதே' என்று ஊரார் ஒன்றுகூடி உரைத்தபோது கப்பல் திரும்பியது.

உடலில் நஞ்சேறிய உழைப்பாளரின் துயரோடு வேறெதனையும் ஒப்பிடல் தகாது. ஒப்புமை ஒன்றில் மட்டுமே உண்டு. ஆக்கியவன் செலவைப் பெறுபவன் தலையிற் கட்டும் அந்த முறைகேடு, இற்றை நாள் ஒவ்வொரு வீட்டின் மின்மடற் பெட்டியிலும் நாள்தோறும் நடைபெறுகின்றது. கேளாமல் வருகின்ற விளம்பரம், இல்லாத பரிசு, பொய்யான வைப்பக அறிவிப்பு, ஏமாற்றுக்காரன் விரிக்கும் வலை என இவையனைத்தும் குப்பை மடல்களே. கணினித் தமிழர் சிலர் இதனை 'எரிதம்' என்று வழங்குவர். பெயர் எதுவாயினும், உலகிற் செல்லும் மின்மடல்களில் ஏறத்தாழப் பாதி குப்பையே என்று கணினிக் காவல் நிறுவனங்கள் கணக்கிட்டு வருகின்றன.

இஃது எவ்வாறு நேர்ந்தது? பழைய அஞ்சல் முறையை நினைவு கூர்ந்தால் விளங்கும். இங்கிலாந்தில் 1840-க்கு முன்பு மடல் பெறுபவரே பெரும்பாலும் கூலி கொடுத்தார். அவ்வாண்டிற் பிறந்த அஞ்சல் வில்லையே செலவை அனுப்புபவர் பக்கம் திருப்பியது. இந்தியத் துணைக்கண்டம் முழுமைக்கும் பொதுவான அஞ்சல் வில்லை 1854-இல் வந்தது. வில்லை ஒட்ட வேண்டும் என்னும் ஒன்றே வீண் மடலுக்கு அணையாய் நின்றது. மின்மடலில் அவ்வணை உடைந்துபோயிற்று. ஒரு மடலை அனுப்புவதற்கும் பத்து இலக்கம் மடலை அனுப்புவதற்கும் அனுப்புபவனுக்கு ஆகும் செலவில் பெரு வேறுபாடில்லை. அவற்றைப் பெற்று, தேக்கி, திறந்து, அழிக்கும் செலவும் உழைப்பும் பெறுபவனுக்கே. 1840-க்கு முந்திய நிலைக்கு உலகம் திரும்பியுள்ளது என்க.

முதற் குப்பை மடல் என்று பலராலும் சுட்டப்பெறுவது 1978-ஆம் ஆண்டு மே 3-இல் அமெரிக்காவில் எழுந்தது. கணினி விற்கும் நிறுவனமொன்றின் விற்பனையாளர், அந்நாளைய ஆர்ப்பாநெட்டு வலையத்தில் இருந்த ஏறத்தாழ 400 பேர்க்குத் தம் சரக்கைப் பற்றி ஒரே மடலை அனுப்பினார். 1994 ஏப்பிரலில் வழக்குரைஞர் இருவர் குடியேற்ற உரிமை பற்றிய தம் விளம்பரத்தை ஆயிரக்கணக்கான உரையாடற் குழுக்களில் ஒருங்கே கொட்டினர். 'இசுபாம்' என்பது தகரக் குவளையில் அடைத்து விற்கப்படும் ஓர் இறைச்சியின் பெயர். 1970-இல் பிரித்தானியத் தொலைக்காட்சியில் வந்த நகைச்சுவைக் காட்சியொன்றில் அப்பெயரே மீண்டும் மீண்டும் ஒலித்துப் பிற பேச்சையெல்லாம் மூழ்கடித்தது. மூழ்கடிக்கும் மடலுக்கு அதனாலேயே அப்பெயர் ஒட்டிக்கொண்டது.

இக்குப்பையைத் தடுக்கச் சட்டம் போதாதா என்று கேட்கலாம். அமெரிக்கா 2003-இலேயே சட்டம் இயற்றியது, குப்பை நின்றபாடில்லை. இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66அ பிரிவு தொல்லை தரும் மின்மடலையும் குற்றமென்றது. ஆயின், அப்பிரிவு மக்களின் கருத்துரிமையை நெரிப்பதாய் இருந்தமையால், 2015 மார்ச்சு 24-இல் உச்ச நயன்மன்றம் அதனை அடியோடு நீக்கியது. இதிற் பாடம் ஒன்றுண்டு. வாயிற் கதவின் திறவுகோல் ஆள்வோன் கையில் இருந்தால், குப்பையோடு சேர்த்து உரிமைக் குரலையும் அவன் அடைத்துவிடக்கூடும். ஆகலின், கதவு வீட்டுக்காரன் கையில் இருத்தல் வேண்டும்.

அத்தகைய கதவுகள் உள்ளன. அவை விலையின்றிக் கிடைப்பவை. விலையின்மையினும் பெரிதாக, அவை கட்டற்றவை.

1983-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-இல் இரிச்சர்டு இசுட்டால்மன் என்னும் அமெரிக்கக் கணினி அறிஞர், எவரும் பயன்படுத்தவும், உட்புகுந்து ஆராயவும் திருத்தவும், பிறர்க்குப் படியெடுத்து வழங்கவும், திருத்தியதைப் பரப்பவும் உரிமையுள்ள மென்பொருளை ஆக்கப் போவதாக அறிவித்தார். இந்நான்கு உரிமைகளே கட்டற்ற மென்பொருளின் உயிர். விலையில்லாச் சோறு இன்றைப் பசியைத் தணிக்கும்; சொந்த வயலும் வித்தும் தலைமுறைப் பசியைத் தணிக்கும். விலையில்லாப் பொருளுக்கும் கட்டற்ற பொருளுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

அவ்வழியில் வந்த குப்பைத் தடுப்பு நிரல்களுள் புகழ் பெற்றது 'இசுபாம் அசாசின்'. அயர்லாந்து நாட்டினரான சசுட்டின் மேசன் என்பவர் 2001-இல் இதனை வெளியிட்டார். 2004-இல் அப்பாச்சி அறக்கட்டளையின் முதனிலைத் திட்டமாக இஃது உயர்ந்தது. மடல் வழங்கி வைத்திருக்கும் பள்ளி, கல்லூரி, அலுவலகம் எதுவும் இதனைக் கூலியின்றி நிறுவலாம்.

இதன் வேலைமுறை நம் நாட்டுச் சுங்கச் சாவடியைப் போன்றது. வருகின்ற மடல் ஒவ்வொன்றையும் பற்பல நெறிகளால் ஆய்கிறது. அனுப்பியவர் முகவரி பொய்யா? தலைப்பு முழுவதும் கத்துகின்றதா? மடலில் உள்ள இணைப்பு ஏமாற்றிடங்களின் பட்டியலில் உள்ளதா? ஒவ்வொரு குற்றத்துக்கும் ஒரு மதிப்பெண் இடுகிறது. நல்ல அறிகுறிக்கு மதிப்பெண்ணைக் குறைக்கிறது. கூட்டுத்தொகை 5-ஐத் தொட்டால் குப்பை என்று முத்திரை குத்துகிறது. இந்த 5 என்னும் எல்லையையும் வீட்டுக்காரரே கூட்டலாம், குறைக்கலாம். எந்நெறியால் எவ்வளவு மதிப்பெண் வந்தது என்பதையும் அது மறைக்காமற் காட்டும்.

இதனினும் வியப்புடையது அது கற்கும் திறன். தாமசு பேயசு என்னும் ஆங்கிலச் சமயகுரு 1761-இல் மறைந்தார். நிகழ்தகவு பற்றி அவர் எழுதி வைத்த கட்டுரை 1763-இல் வெளிவந்தது. கண்ட சான்றுகளைக் கொண்டு காணாததன் வாய்ப்பைக் கணிக்கும் முறை அது. 2002 ஆகசுட்டில் பால் கிரகாம் என்னும் கணினி அறிஞர், குப்பை மடலை இம்முறையால் எவ்வாறு பிரிக்கலாம் என்று விளக்கி எழுதியபின், கட்டற்ற நிரல்கள் பல இதனைக் கைக்கொண்டன. எரிக்கு இரேமண்டு அவ்வாண்டே தொடங்கிய 'போகோபில்ட்டர்' அவற்றுள் ஒன்று. வீட்டுக் கணினியில் மடல் படிக்க உதவும் 'தண்டர்பேர்டு' என்னும் கட்டற்ற மென்பொருளினுள்ளும் இத்தகைய கற்கும் வடிகட்டி உண்டு.

முறை எளிது. வீட்டுக்காரர் 'இது குப்பை', 'இது நன்மடல்' என்று காட்டிக் கொடுக்கிறார். நிரல் ஒவ்வொரு சொல்லையும் எண்ணி வைக்கிறது. 'பரிசு' என்னும் சொல் குப்பையில் எத்தனை முறை, நன்மடலில் எத்தனை முறை? 'பொங்கல்' என்பது எதில் மிகுதி? 'யாப்பு' என்பது எதில்? புதுமடல் வந்ததும் அதிலுள்ள சொற்களின் சான்றையெல்லாம் கூட்டிப் பார்த்து முடிவு செய்கிறது. ஆகலின், மருத்துவருடைய வடிகட்டியும் தமிழாசிரியருடைய வடிகட்டியும் ஒன்றாய் இரா. இசுபாம் அசாசினின் கற்கும் பகுதி, குறைந்தது 200 குப்பை மடலும் 200 நன்மடலும் கண்ட பிறகே வாய் திறக்கும். ஆசானிடம் போதிய பாடம் கேளாமல் தேர்வு எழுதத் துணியாத நன்மாணவன் அது!

அன்பர்களே, தமிழுக்கு இங்கு என்ன வேலை என்னும் வினா இனித்தான் எழுகிறது. இவ்வுரையின் உயிர்நிலையும் இதுவே.

இந்நிரலில், எவ்வெழுத்து மடல்கள் தமக்கு வரலாம் என்று பயனர் குறிப்பதற்கு ஓர் அமைப்பு உண்டு. அதில் தரப்பட்டுள்ள எழுத்து வகைகள் ஆறு: மேலை நாட்டெழுத்து, சப்பானியம், கொரியம், உருசியம் முதலியவற்றின் சிரில்லிக்கு எழுத்து, தாய்லாந்தெழுத்து, சீனம். தமிழெழுத்தின் பெயர் அங்கில்லை.

இன்னொன்று. கணினி எழுத்துகளைப் 'பைட்டு' என்னும் அலகால் அளக்கிறது. இன்று பெருவழக்கான ஒருங்குறிக் குறியேற்றத்தில் ஆங்கில எழுத்தொன்றுக்கு ஒரு பைட்டு போதும். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டு வேண்டும். 'தமிழ்' என்னும் சொல்லில் தகரம், மகரம், இகரக் கொக்கி, ழகரம், புள்ளி என 5 குறிகள்; ஆகவே 15 பைட்டு. 'தமிழர்' என்பது 18 பைட்டு. இசுபாம் அசாசினின் பழைய பதிப்புகளில், ஒரு சொல்லை முழுச்சொல்லாகக் கொள்வதற்கு வைத்திருந்த எல்லை 15 பைட்டு! சொற்களைப் பிரிக்கும் பகுதியும் மேலை ஐரோப்பிய எழுத்துகளைக் கருதியே அமைந்திருந்தது. பதினைந்தெழுத்து ஆங்கிலச்சொல் முழுமையாக நுழையும் வாயிலில், 'தமிழர்' என்னும் நாலெழுத்துச் சொல் எல்லையைக் கடந்ததாய்த் துணுக்குற்றது. துணுக்குகளை எண்ணும் நிரலுக்குத் தமிழ்ச்சொல்லின் பொருட்சான்று எங்ஙனம் கிட்டும்?

இதற்காக அந்நிரலாரைப் பழித்தல் முறையன்று. அந்நிரல் தமிழை வெறுக்கவில்லை, தமிழரை அறியவில்லை. அறியச் செய்ய வேண்டியவர் எவர்? தமிழரே. மூடிய நிரலாயின் இக்குறை இருப்பதையே எவரும் காண இயலாது. பெருநிறுவனங்கள் தம் வடிகட்டியின் உள்ளமைப்பைப் பூட்டி வைத்துள்ளன. அங்கு ஒரு தமிழ்மடல் ஏன் குப்பைக்குப் போயிற்று என்று கேட்டால் விடை வாராது. கட்டற்ற நிரலிலோ குறை வெட்டவெளிச்சம். கண்டவர் சொல்லலாம், வல்லவர் திருத்தலாம். ஒருங்குறிக்கு ஏற்ற திருத்தங்கள் பின்னைய பதிப்புகளில் வந்தமையும் இத்திறந்த தன்மையாலேயே. அதே நிரலின் மொழியறி பகுதியில் தமிழுக்கென ஓர் இடம் இருப்பதும் ஈண்டு குறிக்கத்தக்கது.

இம்மலையின் காட்டைப் பார்த்தால் இவ்வுண்மை இன்னும் தெளிவாகும். பள்ளத்தாக்கில் ஒண்டி நிற்கும் இயற்கைக் காட்டை உலகின் காட்டியலார் அனைவரும் 'சோலா' என்கின்றனர். அது நம் 'சோலை'யே! சோலைக்கு மேல் விரிந்திருந்தது புல்வெளி. விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் என்று ஆசுத்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில் மரமும், யூக்கலிப்டசும் பைனும் அப்புல்வெளியை விழுங்கின. இடைப்பட்ட 40 ஆண்டுகளில் பழனிமலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துபோனதாக 2018-இல் வெளிவந்த செயற்கைக்கோட் பட ஆய்வு காட்டியது. அழையாமல் வந்தது அகத்தையே பிடித்துக் கொண்டது.

எனில், வாட்டிலையெல்லாம் ஒரே வீச்சில் வெட்டி வீழ்த்திவிடலாமா? அங்குத்தான் அறிவு வேண்டும். பல இடங்களில் அவ்வாட்டில் நிழலிலேயே சோலை மரங்களின் கன்றுகள் தலையெடுத்து நிற்கின்றன. எது களைக்கன்று, எது சோலைக்கன்று என்றறியாதவன் கையில் அரிவாளைக் கொடுத்தால் இரண்டையும் ஒருங்கே சீவி விடுவான். களை பறிப்பவனுக்குக் களையைப் பற்றிய வெறுப்பு மட்டும் போதாது. பயிரைப் பற்றிய அறிவு வேண்டும்.

குப்பை வடிகட்டிக்கும் இதுவே நெறி. பத்துக் குப்பை உள்ளே புகுந்தால் ஒரு நிமையத்தில் அழித்துவிடலாம். கடல் கடந்த மகன் தாய்க்கு எழுதிய ஒரு தமிழ்மடல் குப்பையிற் போய் விழுந்து, காணப்படாமலே அழிந்தால், அவ்விழப்பை எவ்வடிகட்டி ஈடு செய்யும்? மாணவனுக்கு வந்த வேலையழைப்பு, இதழுக்கு வந்த பாட்டு, கூட்டத்துக்கு வந்த அழைப்பு என இவை தமிழில் இருந்த ஒன்றாலேயே ஐயத்துக்கு உள்ளாகும் நிலை வருமாயின், அது தமிழுக்கு நேர்ந்த தீண்டாமையன்றி வேறென்ன?

இனிக் கசப்பான ஒரு வினா. வடிகட்டி தன் வீட்டுக்காரர் காட்டும் மடல்களிலிருந்தே கற்கும் என்று கண்டோம். தமிழர் வீட்டு வடிகட்டிக்கு எத்தனைத் தமிழ்மடல் காட்டப்படுகின்றது? தமிழாசிரியர் தமிழாசிரியர்க்கு ஆங்கிலத்தில் மடல் விடுக்கிறார். தமிழ்க் கழகத்தின் கூட்ட அழைப்பே ஆங்கிலத் தலைப்போடு போகின்றது. இளைஞரோ தமிழை உரோமன் எழுத்தில் முறித்து எழுதுகின்றனர். நன்மடல் எல்லாம் ஆங்கிலம். தமிழில் வருவதோ ஏமாற்று விளம்பரம் மட்டும் என்றானால், 'தமிழ் என்றாற் குப்பை' என்றே அவ்வடிகட்டி கற்றுக் கொள்ளும். கற்பித்தவர் குற்றமா, கற்றதன் குற்றமா? மறைமலையடிகள் 1916-இல் தனித்தமிழ்க் கொடியை ஏற்றினார். அயற்சொற் களைவு அதன் பாதிப் பணியே. மறுபாதி, தமிழ்ச்சொல்லை நாள்தோறும் வழங்கி வாழவைத்தல். மறுபாதியை மறந்தவரிடம் கணினியும் தமிழ் கற்காது, பிள்ளையும் தமிழ் கற்காது.

அதே வேளையில் ஒன்றை ஒளிவின்றிக் கூறல் வேண்டும். தமிழில் வந்தமையால் மட்டும் ஒரு மடல் நன்மடலாகிவிடாது. மின்னிணைப்பு அறுந்துவிடும் என்றும், வைப்பகக் கணக்கு முடங்கிவிடும் என்றும் அச்சுறுத்தும் ஏமாற்றுச் செய்திகள் இற்றை நாள் தமிழிலேயே வருகின்றன. தாய்மொழியில் வரும் பொய்யை முதியோர் எளிதில் நம்பிவிடுகின்றனர். ஆகலின், தமிழ்க் குப்பையைக் குப்பை என்று காட்டுவதும் தமிழ்த்தொண்டே. பயிரையும் களையையும் தமிழிலேயே பிரித்துக் காட்ட வல்லவர் தமிழர் அன்றி வேறெவர்?

செயத்தக்கன இவை. தமிழர் தமிழர்க்கு விடுக்கும் மடல், தலைப்பு முதற்கொண்டு தமிழெழுத்தில், ஒருங்குறியில் அமைதல் வேண்டும். ஆளுக்கொரு குறியேற்றம் வைத்துக்கொண்டு, அண்டை வீட்டுக் கணினியிலேயே தமிழ் கட்டங்கட்டமாய்த் தோன்றிய காலம் போதும். தமிழ்நாட்டரசும் 2010-இல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. கிழமைக்கொரு முறையேனும் குப்பைப் பெட்டியைத் திறந்து பார்த்து, தவறி விழுந்த தமிழ்மடலை மீட்டு 'இது நன்மடல்' என்று வடிகட்டிக்கு உணர்த்துதல் வேண்டும். வந்த குப்பைக்கு மறுமொழி விடுத்தலும், உண்மையறியாமற் பிறர்க்கு அனுப்புதலும் கூடா. மறுமொழி கண்டால் 'இங்கு ஆள் உண்டு' என்று ஏமாற்றுவோன் குறித்துக்கொள்வான்.

பள்ளி கல்லூரிகளில் கட்டற்ற மென்பொருளைப் பயிற்றுதல் வேண்டும். அண்டையிலுள்ள கேரளத்தின் அரசுப் பள்ளிகள் இத்துறையில் வழிகாட்டி நிற்கின்றன. தமிழிலும் தொண்டர் இல்லாமல் இல்லை. 2012 முதல் 'கணியம்' என்னும் மின்னிதழ் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் விளக்கி வருகின்றது. நிரல் எழுத வல்ல தமிழிளைஞர், இத்தகைய வடிகட்டிகளின் உட்புகுந்து, தமிழ்ச்சொல்லைத் தமிழ்ச்சொல்லாகவே அவை காணுமாறு செய்தல் வேண்டும். அதற்கு எவரிடமும் கையேந்த வேண்டுவதில்லை. கட்டற்ற நிரலின் உரிமமே அவ்வுரிமையை அளிக்கின்றது. உரிமையைக் கொடுத்தும் எடுத்துக் கொள்ளாதவனை எவரால் விடுவிக்க இயலும்?

கோடைக்கானல் மக்கள் தம் மண்ணிற் கிடந்த நஞ்சுக்கழிவைக் கண்டனர், இன்னதென அறிந்தனர், ஒன்றுகூடிக் குரல் கொடுத்தனர், கழிவு கப்பலேறியது. இம்மலையிற் சோலைக் கன்றைத் தேடிக் காப்போரும், வாட்டிற் கன்றைப் பறிப்போரும் இன்றும் குனிந்து நிமிர்ந்து உழைக்கின்றனர். அவர்தம் கண்ணும் கையும் தமிழர் அனைவர்க்கும் வாய்ப்பதாக. வாயிற் கதவு நம் கையில் இருக்கட்டும். அக்கதவு தமிழ் அறிந்த கதவாய் இருக்கட்டும்.

வாழ்க தமிழ்! வெல்க தமிழர் உழைப்பு!